இன்னிக்கு யாரு பாடு

எழுதுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் சேர்ந்து நின்றால் அவர்களுக்குப் பின்னால் போய் நிற்கிற பழக்கம் எனக்கு. கடையில் கூட்டம் இருந்தால், அது கலைகிற வரைக்கும் காத்திருந்துதான் உப்பு வாங்குவேன். மூளையைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதுவார்கள். அதில் இவளுக்கு என்ன வேலை என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. என் கணவருக்கு நெற்றியில் அடிபட்டது. அதற்கு முன்பும் பின்பும் அவரோடு குடும்பம் நடத்தியவள் நான். நெற்றி எலும்புக்குப் பின்னால் இருக்கிற பாகம் என்ன வேலை செய்கிறது என்பது, அது வேலை செய்யாமல் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் எழுதுவதில் பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரி என்று நாங்கள் சொன்னாலும் அது கடலோடு சேர்ந்த உப்புத் தண்ணீர். கடல் உள்ளே நுழைகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் வடிகிற நேரம் பார்த்துக் குச்சி நட்டு வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். ஆனால் அப்படிப்பட்ட இடம் கொஞ்சம்தான். எல்லாக் குடும்பமும் ஒரே நாளில் அங்கே இறங்கினால் அடிதடியில்தான் முடியும். அதனால் ஊர்கூடிச் சீட்டு எடுத்து, இன்று இந்தக் குடும்பம், நாளை அந்தக் குடும்பம் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. இன்று ஒருவருடைய பாடு என்றால் அந்த இடத்தில் வேறு யாரும் வலையை நனைக்கக் கூடாது. காலையில் முகம் கழுவுவதற்கு முன்பே ஆட்கள் கேட்டுக்கொள்வது, "இன்னிக்கு யாரு பாடு?" என்பதைத்தான். வெளியூர்க்காரர்கள் பாடு என்றால் கஷ்டம் என்று நினைப்பார்கள். எங்களுக்குப் பாடு இருக்கிற வரைக்கும் கஷ்டம் இல்லை. அது போனால்தான் கஷ்டம்.

இதில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. உடம்பு முடியாதவன் பாட்டுக்கு அவன் வீட்டு ஆள் வேறு யாராவது போகலாம். குடும்பத்துக்குப் பாடு போகாது. ஆனால் தெரிந்தே அடுத்தவர் பாட்டில் வலை கட்டுகிறவன் குடும்பத்துக்குப் பாடு கிடையாது. நான் சொல்லப் போகிறது எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது.

என் கணவரும் அவருடைய தம்பியும் ஒரே படகில் தொழில் செய்தார்கள். தம்பிக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் சாப்பாடு. என் கணவருக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அடச்சே என்பார்கள். அவர் வாயில் அந்தச் சொல் அத்தனை தடவை வரும். வலையில் ஒரு முடிச்சு கோணலாக விழுந்தால் அடச்சே. பீடியைத் திருப்பி வாயில் வைத்துவிட்டால் அடச்சே. சொல்லும்போதே தொடையில் ஒரு தட்டு. சில நேரம் தப்பு நடப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். காய்கிற வலைமேல் மிதிக்கப் போன கால் அந்தரத்திலேயே நிற்கும், அடச்சே என்பார், கால் வேறு பக்கம் இறங்கும்.

எதிர் வீட்டு மாமாதான் அவரை அதிகம் கிண்டல் செய்வார். மாமா என்றால் சொந்த மாமா இல்லை, முறைக்கு மாமா. அவருக்கும் தனிப் படகு, தனிப் பாடு.

"தோ பாரு, அடச்சே வந்துக்கினு கீறான். இன்னாத்த ஒடச்சிட்டு வரானோ!"

"இன்னும் ஒண்ணியும் ஒடைக்கல மாமா. நீ பேசிக்கினே இரு, உன் மண்டையில இருந்து ஆரம்பிக்கிறேன்."

கல்யாணமான புதிதில் எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. என்னைத்தான் சொல்கிறாரோ என்று பயம். ஒரு நாள் தைரியம் வந்து கேட்டேன். "இன்னாயா, எதுக்கெடுத்தாலும் அடச்சே அடச்சேன்னுக்கினு? காது புளிக்குது."

அவர் சிரித்தார். "நானா சொல்றேன்? அதுவா வருதுமே."

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள், காற்று கடுமையாக இருந்தபோது, படகில் பாய் தொங்குகிற குறுக்குக் கட்டை கயிறு அறுந்து அவர் நெற்றியில் இறங்கியது. தம்பி அவரைப் படகில் கிடத்திக் கொண்டுவந்தார். பொன்னேரியில் பார்க்க முடியாது என்று சொல்லி, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முகம் வீங்கி, கண் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் மூடிக் கிடந்தன. பிழைக்க மாட்டார் என்றுதான் நினைத்தோம். பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ஒரு நாள் கண்ணைத் திறந்து, "படகு இன்னாச்சி?" என்று தம்பியைக் கேட்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது நெற்றியில் தழும்பு மட்டும்தான் மிச்சம் என்று இருந்தது. நடந்தார், பேசினார், ஆட்களை அடையாளம் கண்டார். பழைய கதை எல்லாம் ஞாபகம் இருந்தது. முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார். எதற்கும் கவலைப்படவில்லை. மறு பிறப்பு எடுத்தவன், இனி எதற்குக் கவலை என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் வேண்டுதலை முடிக்கப் பெரியபாளையம் போனோம். வேப்பிலைச் சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வந்து, குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டு திரும்பினால் அவரைக் காணவில்லை. ஆற்றோரம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் யாரோ ஒரு குடும்பத்தின் நடுவில், யாருக்கோ போட்டு வைத்திருந்த இலையில், இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டு அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "யாருய்யா நீ? எங்க ஊட்டுக்காரரு எலையில குந்திக்கினு துன்றியே?"

"ஆமா, உங்க எலதான்," என்றார் இவர். "எனக்குத் தெரியும். கொழம்பு நல்லா கீது." சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உடு, பசி போலகீது. எங்க ஊட்டுக்காரரு வந்தா நீயே பதில் சொல்லிக்கோ." சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். வெட்கத்தில் தலை குனிந்து நின்ற நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் மனம் கசக்கிறது. உங்க எலதான், எனக்குத் தெரியும் என்று அவர் சொன்னதிலேயே எல்லாம் இருந்தது. எனக்குத்தான் அது கேட்கவில்லை.

வீட்டில் அதற்குப் பிறகு சின்னச் சின்னதாகப் பார்க்க ஆரம்பித்தேன். குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் ஊற்றுவார். சொம்பு நிரம்பும். "ரொம்பிடுச்சிமே," என்று அவரே சொல்வார். சொல்லிக்கொண்டே ஊற்றுவார். தண்ணீர் தரையில் ஓடும். கையிலிருக்கிற குடம் காலியானால்தான் நிறுத்துவார். சீப்பு கண்ணில் பட்டால் எடுத்துத் தலை வாருவார். வாரி முடித்து வைத்த சீப்பு மறுபடி கண்ணில் பட்டால் மறுபடி வாருவார். கண் எதைப் பார்க்கிறதோ கை அதைச் செய்தது.

"கஞ்சியா, களியா?" என்று கேட்டால், "களி," என்பார். "களியா, கஞ்சியா?" என்று மாற்றிக் கேட்டால், "கஞ்சி," என்பார். கடைசியாகக் காதில் விழுந்ததுதான் அவருக்கு வேண்டியது. இதைக் கண்டுபிடித்த பக்கத்து வீட்டுப் பெண்கள் விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். "யண்ணா, உங்களுக்கு உங்க பொண்டாட்டிய புடிக்குமா, புடிக்காதா?" "புடிக்காது." கொல்லென்று சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் அடுப்பை ஊதுகிறவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வீட்டில் ஏதோ ஒன்று இல்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இன்னது என்று தெரியவில்லை. ஏரிக்கரையில் இருப்பவர்களுக்குக் காற்று அடிப்பது தெரியாது, நின்றால்தான் தெரியும். ஒரு நாள் அவர் கொதிக்கிற சோற்றுக்குள் கரண்டிக்குப் பதிலாகப் பனை விசிறியை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். "இன்னாயா அது?" என்றேன். "விசிறி," என்றார் அமைதியாக. கிண்டினார். அப்போதுதான் உறைத்தது. அந்தச் சொல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் ஒரு தடவைகூட அடச்சே என்று சொல்லவில்லை.

ஏரியில் முதல் தடவை நடந்தபோது தம்பி கூட இருந்தார். எங்கள் இடத்துக்குப் போகிற வழியில் முகத்துவாரத்தைத் தாண்டிப் போனார்கள். அன்று எதிர் வீட்டு மாமாவின் பாடு. மாமா இன்னும் வரவில்லை. தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததும் இவர் படகிலிருந்து குதித்துக் குச்சி நட ஆரம்பித்துவிட்டாராம்.

"அண்ணா, இன்னிக்கு நம்ம பாடு இல்ல!"

"தெரியும்டா. எதிர் ஊட்டு மாமா பாடு."

"தெரியும்னா மேல ஏறு!"

"ஏறுறேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த குச்சியை நட்டாராம். தம்பி இழுத்து ஏற்றுவதற்குள் மாமா வந்துவிட்டார். வந்தவர் கத்தவில்லை. ஊரில் விஷயம் போனபோதும் அவரே, "ஒடம்பு முடியாம இருந்து வந்தவன், உடுங்க," என்றார். ஆனால் ஊர்த் தலைவர் தம்பியைக் கூப்பிட்டு, "ஒடம்பு முடியலன்னா டாக்டரு கையில ஒரு வார்த்த வாங்கியா. அப்பால அவன் பாட்டுக்கு நீ போ. இல்லன்னா இன்னொரு தபா இப்டி நடந்தா ஊரு சும்மா இருக்காது," என்று சொல்லி அனுப்பினார்.

அதனால் மறுபடி மெட்ராஸ் போனோம். அங்கே எங்களைப் பார்த்தது ஒரு சின்ன வயது லேடி டாக்டர். தம்பியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே நிறுத்தினார். என் கணவருக்கு மேஜைமேல் விரலால் தட்டிக் காட்டினார்.

"நான் ஒரு தட்டு தட்டினா நீங்க ரெண்டு தட்டணும். நான் ரெண்டு தட்டினா நீங்க ஒண்ணுதான் தட்டணும். புரிஞ்சுதா?"

"நீங்க ஒண்ணு, நானு ரெண்டு. நீங்க ரெண்டு, நானு ஒண்ணு," என்றார் இவர். பிசகே இல்லை.

டாக்டர் ஒன்று தட்டினார். இவர் இரண்டு தட்டினார். டாக்டர் இரண்டு தட்டினார். இவர் ஒன்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் போனது. டாக்டர் ஒன்று தட்டினார். இவரும் ஒன்று. டாக்டர் இரண்டு, இவரும் இரண்டு. அப்புறம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. டாக்டர் விரல் என்ன செய்ததோ இவர் விரலும் அதையே செய்தது.

"நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"நீங்க ஒண்ணு, நானு ரெண்டு."

"அப்படியா தட்டினீங்க?"

"அப்டிதான் தட்னேன்," என்றார். பொய் சொல்கிற முகமே இல்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். அவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி மெதுவாகச் சொன்னார். "அம்மா, இவருக்கு எல்லாம் தெரியும். ஆனா தெரிஞ்சது கையைப் பிடிச்சு நிறுத்தாது. இதைச் செய்யலாமா வேண்டாமான்னு முன்னாடி போய்ப் பார்க்கிறதும், செஞ்சது தப்பாச்சேன்னு உடனே சத்தம் குடுக்கிறதும் மூளையோட முன்பக்கம். இவருக்கு அடிபட்டது அங்கதான்."

எனக்கு அடச்சே ஞாபகம் வந்தது. சத்தம் கொடுப்பது என்று அவர் சொன்னது அதைத்தானே? சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. பெரிய படிப்புப் படித்தவரிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். சரியாகுமா என்று மட்டும் கேட்டேன். பார்க்கலாம் என்றார். எழுதிக் கொடுக்கப் பெரிய டாக்டர் வர வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

ரயிலில் வரும்போது தம்பியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் அதிகம் படிக்காதவர். ஆனால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்வார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, உதடு அசையச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். "அவருக்கு எல்லாம் தெரியும். ஆனா தெரிஞ்சது கைய நிறுத்தாது. சரியா அண்ணி?" சரி என்றேன். பொன்னேரி வருவதற்குள் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. என் கணவர் எதிரே உட்கார்ந்து, ஜன்னல் கதவைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார்.

அடுத்த வாரம் வருவதற்குள் எல்லாம் கைமீறிப் போய்விட்டது. தம்பி இறால் கூடையோடு புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் போயிருந்தார். லாரிக்காரர்கள் அங்கேதான் வாங்குவார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீருக்குப் போனேன். திரும்பி வந்தால் மூலையில் இருந்த வலை இல்லை, அவரும் இல்லை.

அன்றும் எதிர் வீட்டு மாமாவின் பாடு. மாமா தன் ஆட்களோடு முகத்துவாரத்துக்குப் போனபோது அங்கே வலை கட்டி முடிந்திருந்தது. இறால் விழுந்துகொண்டிருந்தது. இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர்களைப் பார்த்துக் கையாட்டினாராம். வலை அவ்வளவு ஒழுங்காக இருந்தது என்று பிறகு சொன்னார்கள். குச்சிகள் ஒரே வரிசை. ஒரு முடிச்சிலும் கோணல் இல்லை. உடம்பு முடியாதவன் கட்டிய வலையாக அது தெரியவில்லை.

சாயங்காலம் வலை காய்கிற மணலில் ஊர் கூடியது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளிப் படகுகளுக்குப் பக்கத்தில் நின்றோம். என் கணவரை நடுவில் நிறுத்தினார்கள். அவர் வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி நின்றார்.

தலைவர் கேட்டார். "இன்னிக்கு யாரு பாடு?"

"எதிர் ஊட்டு மாமா பாடு."

"நேத்து?"

நேற்று யாருடைய பாடு என்று சொன்னார்.

"நாளைக்கு?"

"நாளைக்கு நம்ம பாடு."

"அடுத்தவன் பாட்டுல வல கட்டலாமா?"

"கட்டக் கூடாது. கட்டுனா பாடு பூடும்."

"அப்புறம் இன்னாத்துக்குக் கட்டுன?"

யோசித்தார். "தண்ணி வடிஞ்சிக்கினு இருந்திச்சி," என்றார்.

யாரோ பின்னாலிருந்து, "அடேங்கப்பா, எங்க ஊட்டாண்டகூடத்தான் வடியுது," என்றான். சிரிப்பும் திட்டும் கலந்து எழுந்தது.

தம்பி எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவர். ரயிலில் மனப்பாடம் செய்ததை வரிசை மாறாமல் சொல்ல ஆரம்பித்தார். "டாக்டரம்மா சொன்னாங்க. அவருக்கு எல்லாம் தெரியும்..."

அவ்வளவுதான். "கேட்டுக்கினியா, டாக்டரே சொல்லிக்கிறாங்க, எல்லாம் தெரியுமாம்!" என்று ஒரு குரல். "தெரிஞ்சிதான் செஞ்சிக்கிறான்!" என்று இன்னொன்று. ஆனா, ஆனா என்று தம்பி கையை ஆட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. மீதிப் பாதி யார் காதிலும் விழவில்லை. அவர் இரண்டு மூன்று தடவை முயற்சி செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, கை நிற்காது என்பதை முதலில் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். டாக்டர் சொன்ன வரிசையை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றியிருக்கும்?

சத்தம் அடங்கியதும் எதிர் வீட்டு மாமா எழுந்தார். அவருக்குக் கோபம் இருந்தது. அதைவிட வருத்தம் அதிகம் இருந்தது என்று எனக்குப் பட்டது.

"எனக்கு எறாலும் வேணாம், ஒண்ணியும் வேணாம்," என்றார். "இவன் சின்ன முடிச்சு தப்பா வுழுந்தாலே அடச்சேன்னு தொடையில தட்டுறவன். நானு எத்தினி தபா கிண்டல் பண்ணிக்கிறேன். இவ்ளோ பெரிய தப்பு பண்ணிட்டு நின்னுக்கினு சிரிக்கிறான். ஒரே ஒரு தபா, வழக்கமா சொல்ற மாதிரி, அந்த வார்த்தைய சொல்லட்டும். நானு உட்டுடறேன். ஊரும் உட்டுடட்டும்."

தலைவர் சரி என்று தலையாட்டினார். தம்பி பாய்ந்துபோய் அண்ணன் தோளைப் பிடித்தார். "அண்ணா, சொல்லு. அடச்சேன்னு சொல்லு. அவ்ளோதான்."

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஆற்றோரத்து இலை, சொம்பு, விசிறி எல்லாம் என் கண் முன்னால் வந்தன. சொல்லச் சொன்னால் அவர் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வார் என்பதும் தெரியும்.

"அடச்சே," என்றார் அவர். கடையில் சாமான் பெயர் சொல்கிற மாதிரி. தொடையில் தட்டவில்லை. முகத்தில் அதே சிரிப்பு. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சொல்லிட்டேன். இன்னொரு தபா சொல்லட்டா மாமா? அடச்சே," என்றார்.

மாமாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எல்லார் முன்னாலும் அவரைக் கேலி செய்வதாக நினைத்துவிட்டார். நினைக்காமல் எப்படி இருப்பார்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊரு இஷ்டம்," என்று சொல்லி உட்கார்ந்தார். ஊர் மறுபடி கூடிச் சொல்கிற வரைக்கும் எங்கள் குடும்பத்துக்குப் பாடு இல்லை என்று தலைவர் சொன்னார். மறுபடி கூடிச் சொல்லவே இல்லை. பெரிய டாக்டரின் எழுத்தை வாங்கிக்கொண்டு தம்பி பிறகு போய் நின்றார். முடிந்ததை எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தபோது தம்பி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். நாங்களும் பின்னால் வந்தோம். எனக்கும் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் வேலை கிடைத்தது. அங்கே செக்கிங் என்று தனியாக ஒரு மேஜை உண்டு. மெஷின்காரர் செய்து அனுப்புவார். செக்கிங்கில் இருக்கிறவர் பார்த்து, சரியில்லாததைத் தள்ளி வைத்து, மெஷின்காரருக்குக் குரல் கொடுப்பார். ஒரு நாள் செக்கிங்கில் ஆள் வரவில்லை. மெஷின் நிற்காமல் ஓடியது. கோணலும் நேருமாகச் சாமான் எல்லாம் என்னிடம் வந்து குவிந்தது. மெஷின்காரருக்குத் தொழில் தெரியாமல் இல்லை. நான் அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சூப்பர்வைசர், "இன்னாம்மா தூங்குற?" என்று கேட்ட பிறகுதான் அசைந்தேன்.

என் கணவரைத் தனியாக விட முடியவில்லை. நான் வேலைக்குப் போகிற நேரம் தம்பியும், தம்பி போகிற நேரம் நானும் பார்த்துக்கொண்டோம். "நிறுத்துயா," என்று நான் சொன்னால் உடனே நிறுத்துவார். முகம் சுளித்ததே இல்லை. சொல்லிச் சொல்லி அந்தச் சொல் எனக்கும் வந்துவிட்டது. அவர் கையிலிருந்து ஏதாவது சிந்தினால் நான் அடச்சே என்பேன், அவர் நிறுத்துவார். வெளியிலிருந்து வருகிற சத்தம் நான் பக்கத்தில் இருந்தால்தான் வரும். அது போதாது. ஆனாலும் பல வருடம் அதை வைத்துக்கொண்டுதான் ஓட்டினோம். பிறகு ஒரு மழைக்காலத்தில் சாதாரணக் காய்ச்சலில் போனார்.

அவர் போன பிறகு ஒரு தடவை எதிர் வீட்டு மாமா இந்தப் பக்கம் ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர், வழி விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கருவாடு கொண்டுவந்திருந்தார். வயதாகிவிட்டது, கை உதறியது. டீ கொடுத்தேன். வாங்கும்போது கொஞ்சம் வேட்டியில் சிந்தியது.

"அடச்சே," என்றார்.

சொன்ன பிறகு அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைத் துடைக்கத் துணி எடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அன்னிக்கு அவன் என்னிய கேலி பண்ல, இல்லமே?" என்று கேட்டார். இல்லை மாமா என்றேன். அப்புறம்தான் டீயைக் குடித்தார்.

ஊர் கூடிய அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் எங்கள் பாடு முறை. வேறு குடும்பம் போய் வலை கட்டியது. தண்ணீர் நன்றாக வடிந்ததால் இறால் நிறைய விழுந்ததாகச் சொன்னார்கள். தம்பி வலையைச் சுருட்டிக் கட்டிப் பரண்மேல் போட்டார். என் கணவர் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினார்.